முதலில் தராசு, அப்புறம் பணப்பை

வாசகர் கேள்வி – பதில்
பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியியலாளர், வெள்ளவத்தை

சிறு விமானங்கள் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எடையைப் பற்றியவை. அதனால் இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

கேள்வி: ஐயா, நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து இரத்மலானை விமான நிலையத்தில் ஒரு பழைய செஸ்னா 172என் (நான்கு பேர் இருக்கும் சிறு விமானம்) வைத்திருக்கிறோம். உச்ச எடை 1,043 கிலோ. புத்தகத்தில் வெறுமை எடை 662 கிலோ என்று இருக்கிறது. எங்கள் மூவரின் எடை 258 கிலோ. டாங்க்கை நிரப்பினால் எரிபொருள் 109 கிலோ. மிஞ்சுவது 14 கிலோதான். யாழ்ப்பாணம் போனால் ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொண்டுவர வழியில்லை! லித்தியம் பற்றரி, பாரம் குறைந்த ஸ்டார்ட்டர், புதுக் கருவிகள் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறோம். எதில் தொடங்கலாம்?
— க. சி., கல்கிசை

பதில்: தராசில் தொடங்குங்கள் தம்பி. அந்த 662 கிலோவை எந்தத் தராசு சொன்னது என்று முதலில் தேடிப் பாருங்கள். பழைய விமானங்களில் பலவற்றுக்கு அந்த எண் பேனா போட்ட கணக்கு. தொழிற்சாலையில் நிறுத்த எடையை எடுத்து, பிறகு வந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் கூட்டியும் கழித்தும் எழுதிக்கொண்டு வந்திருப்பார்கள். ஒருவர் ரேடியோ பூட்டியிருப்பார், எழுதியிருப்பார். இன்னொருவர் பழைய பெயின்ற்றைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதாக அடித்திருப்பார், எழுதியிருக்க மாட்டார். நாற்பது வருடத்தில் இப்படிச் சேர்வது கொஞ்சமல்ல. தராசில் ஏற்றினால் பழைய விமானம் பெரும்பாலும் காகிதத்தில் உள்ளதைவிடக் கூடத்தான் காட்டும். உங்கள் 14 கிலோ உண்மையில் 4 கிலோவாக இருக்கலாம், கழித்தல் கணக்காகவும் இருக்கலாம். அதை அறியாமல் பற்றரிக்குப் பணம் கட்டி என்ன பயன்?

நிறுப்பது ஒரு நாள் வேலை. எரிபொருளை வடித்துவிட வேண்டும். வடியாமல் டாங்க்கில் தங்குவது வெறுமை எடையோடு சேரும். உங்கள் மாதிரியில் எஞ்சின் ஒயிலும் முழு அளவில் சேரும். 1970களின் நடுப்பகுதிக்கு முந்திய கைநூல்களில் ஒயில் சேராது, அங்கே ஆறேழு கிலோ வித்தியாசம் வந்துவிடும். கதிரைப் பைக்குள் கிடக்கும் பழைய வரைபடம், குடை, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் வெளியே. ஹங்கர்க் கதவைச் சாத்த வேண்டும். மின்விசிறியையும் நிறுத்த வேண்டும். இறக்கை என்பது காற்றுப் பட்டால் தூக்குவதற்கென்றே செய்த பொருள், மெல்லிய காற்றும் தராசை ஆட்டிவிடும். மூன்று சக்கரத்துக்கும் மூன்று தராசு. அப்புறம் விமானத்தை மட்டமாக்க வேண்டும். வால் பக்க உடலின் இடப்புறத்தில் இரண்டு திருகாணிகள் இருக்கும், அவற்றின் மேல் இரசமட்டத்தை வைத்துப் பார்ப்போம். குமிழி நடுவுக்கு வரும்வரை முன்சக்கர ரயரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்குவோம். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் உற்பத்தியாளரே சொல்லிக்கொடுத்த முறை அது.

நிறுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். உள்ளே விரித்த கார்ப்பெற்றைத் தூக்கிவிட்டு, தரைப் பலகையின் மூடிகளைக் கழற்றி ஒரு ரோர்ச் அடித்துப் பாருங்கள். இரத்மலானையில் வெளியே நின்ற விமானம் என்றால் மழைத்தண்ணீர் கண்ணாடி ஓரத்தால் கசிந்து உள்ளே போயிருக்கும். சத்தம் குறைக்க ஒட்டிய ஃபோம் அதைக் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும். கையால் அழுத்தினால் விரல்களுக்கிடையில் பழுப்புத் தண்ணீர் வடியும். அதன் பின்னால் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் எடையை விடுங்கள், அதை உடனே கவனியுங்கள். கடல் காற்றடிக்கும் இடத்தில் அரிப்புக்கு அதிக காலம் தேவையில்லை. அடிவயிற்றில் பழைய ஒயிலோடு குழைந்த மண், குளவிக் கூடு, யாரோ விட்டுப்போன குறடு — இவையெல்லாம் நீங்கள் ஒவ்வொரு முறையும் யாழ்ப்பாணம் ஏற்றிப்போய் இறக்காமல் கொண்டுவரும் சாமான்கள். ஃபோமையும் கார்ப்பெற்றையும் மாற்றும்போது தீப்பிடிக்காத தரத்துக்கான சான்று உள்ளதையே போடுங்கள். மருதானைக் கடையில் அழகாக இருந்தது என்று வாங்கி வராதீர்கள்.

அடுத்தது, வேலை செய்யாத கருவிகள். அந்தக் காலத்து ஏடிஎஃப் (தரையிலுள்ள ரேடியோ நிலையத்தின் திசையைக் காட்டும் கருவி) பெட்டி இன்னும் பனலில் இருக்கிறதா? பெட்டி, முள் காட்டி, வயிற்றில் ஒட்டிய அன்ரெனா, வயர்கள் எல்லாம் சேர்த்தால் மூன்று நான்கு கிலோ வரும். பலர் பெட்டியை மட்டும் உருவிவிட்டு வயரை அப்படியே விட்டுவிடுவார்கள். நுனி வரை தேடி இழுத்தெடுங்கள்.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். பழைய ஸ்டார்ட்டர் எட்டுக் கிலோ போல இருக்கும், புதுவகை அதில் பாதிதான். எப்படியும் பழையது ஒருநாள் பழுதாகும், அப்போது மாற்றுங்கள். நல்ல ஸ்டார்ட்டரைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. வக்கியூம் பம்ப்பையும் அதில் ஓடும் இரண்டு கைரோக்களையும் (விமானத்தின் சாய்வையும் திசையையும் காட்டும் சுழல் கருவிகள்) எடுத்துவிட்டு மின்கருவி போட்டால் மூன்று கிலோ போல மிச்சம் வரும். அதை எடைக்காகச் செய்யாதீர்கள், மேகத்துக்குள் பம்ப் நின்றுபோகும் பயம் இல்லாமல் பறப்பதற்காகச் செய்யுங்கள்.

லித்தியம் பற்றரியில்தான் ஒரே இடத்தில் அதிகம் குறையும். ஈய பற்றரி பத்துக் கிலோவைத் தாண்டும், லித்தியம் இரும்பு பொஸ்பேற் வகை அதில் பாதிக்கும் கீழ். ஆனால் உங்கள் மாதிரிக்கென்று அங்கீகாரம் பெற்ற பற்றரிதான் வேண்டும், சார்ஜ் செய்யும் முறையும் அதற்குப் பொருந்த வேண்டும். 2013 ஜனவரியில் போயிங் 787 விமானங்கள் உலகம் முழுவதும் தரையிறக்கப்பட்டது லித்தியம் பற்றரியால்தான். அது வேறு இரசாயனம், இது அதைவிடச் சாதுவானது. இருந்தாலும் கராஜில் கார் பற்றரி மாற்றுவது போல இதைக் கையாள முடியாது.

சக்கர மூடிகளைக் கழற்றினால் ஏழெட்டுக் கிலோ குறையும், இரண்டொரு நொட் வேகமும் போகும். எங்கள் மழைக்காலத்துச் சேற்றில் நான் அவற்றை எப்போதும் கழற்றவே சொல்வேன். உள்ளே மண் அடைந்தால் மூடியைவிட மண் பாரம். பெயின்ற்றை முழுதாகச் சுரண்டி மெல்லிய பூச்சாக அடித்தாலும் சில கிலோ குறையும். ஆனால் விமானத்தைச் சாய்க்கும், ஏற்றி இறக்கும், திருப்பும் அசையும் பாகங்களான அயிலரோன், எலவேட்டர், ரடர் இவற்றில் பெயின்ற் தொட்டால் ஒவ்வொன்றையும் கழற்றி மறுபடி சமநிலை பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால் வேகத்தில் படபடத்துப் பிய்ந்துபோகக்கூடிய பாகங்கள் அவை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்டார்ட்டரும் பற்றரியும் இருப்பது மூக்குப் பக்கம். கிணற்றுத் துலாவில் கல் கட்டிய நுனியை நினைத்துக்கொள்ளுங்கள், நுனியில் ஒரு கல் குறைந்தாலும் மறுமுனை சாயும். எஞ்சின் அறைச் சுவருக்கு அரை மீற்றர் முன்னாலிருந்து 5 கிலோவைக் கழற்றினால் வெறும் விமானத்தின் ஈர்ப்பு மையம் (எடை இருபக்கமும் சமமாக நிற்கும் புள்ளி) ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் பின்னே போகும். 172இல் அதனால் ஆபத்து வராது. முன்னால் இருவர் இருந்தால் அது மூக்குப் பாரமான விமானம்தான். ஆனால் உச்ச எடையில் மையம் நகர இருக்கும் இடம் மொத்தமே 22 சென்ரிமீற்றர். மூன்றாவது நண்பர் பின்னால் ஏறி, மாம்பழப் பெட்டியும் அவருக்குப் பின்னால் போனால் கணக்கைத் திரும்பப் போடத்தான் வேண்டும். பெட்டி வைக்கும் இடத்துக்குத் தனி வரம்பும் உண்டு, 54 கிலோ.

இவ்வளவும் செய்தால் என்ன கிடைக்கும்? பதினைந்து கிலோ கிடைத்தால் கெட்டிக்காரர். இனி ஒரு சதம் செலவில்லாத வழியைச் சொல்கிறேன். ஏன் டாங்க்கை நிரப்புகிறீர்கள்? இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலி நேர்கோட்டில் சுமார் 330 கிலோமீற்றர், இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். மணிக்கு 32 லீற்றர் என்று வைத்தால் 64 லீற்றர். அதற்கு மேல் முக்கால் மணித்தியாலக் கையிருப்பு 24, கிளம்பவும் ஏறவும் ஒரு 7, காற்று எதிர்த்தால் இன்னும் ஒரு 10. மொத்தம் 105. நீங்கள் ஏற்றுவது 151. வித்தியாசம் 46 லீற்றர், லீற்றருக்கு 0.72 கிலோப்படி 33 கிலோ. முழுப் பட்டியலையும் வாங்கிப் பூட்டினாலும் இவ்வளவு வராது! திரும்பி வருவதற்கு அங்கே எரிபொருள் கிடைக்குமா என்று புறப்பட முதல் கேட்டு உறுதிசெய்யுங்கள். கிடைக்காது என்றால் இந்தக் கணக்கு செல்லாது, மாம்பழத்தைப் பஸ்ஸில் போட்டுவிடுங்கள். வானிலை சரியில்லாத நாளிலும் கணக்கை மறந்து நிரப்புங்கள். பாதி டாங்க்கில் பறப்பவர் எரிபொருள் மீற்றரை நம்பக்கூடாது, குச்சி விட்டு அளக்க வேண்டும். பைப்பர் செரோக்கிக்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். டாங்க் வாய்க்குள் ஒரு தகட்டு நாக்கு தொங்கும், அது வரை ஊற்றினால் இவ்வளவு என்று கணக்கு.

கேள்வி: உச்ச எடையைவிடப் பத்துக் கிலோ கூட ஏற்றினால் விமானம் விழுந்துவிடுமா? கம்பனிக்காரன் கொஞ்சம் இடம் விட்டுத்தானே எழுதியிருப்பான்?
— ம. ர., பம்பலப்பிட்டி

பதில்: விழாது. அதுதான் தொல்லையே. பத்து ஏற்றிப் பார்த்து ஒன்றும் நடக்காவிட்டால் அடுத்த முறை இருபது ஏறும்.

கம்பனிக்காரன் விட்ட இடம் உங்கள் பைக்காக அல்ல. உச்ச எடையில் இறக்கை 3.8 மடங்கு சுமையைத் தாங்கும் என்பது அந்த வகைக்கான கணக்கு, திடீர்க் காற்று தூக்கி அடிக்கும்போது அது முழுவதும் தேவைப்படலாம். அதோடு உச்ச எடை இறக்கையின் பலத்தால் மட்டும் வருவதில்லை. 1981இல் வந்த 172பி (172P) மாதிரியில் உச்ச எடையை 1,043 கிலோவிலிருந்து 1,089 ஆக்கினார்கள். அதோடு ஃபிளாப் (இறக்கையின் பின்னோரத்தில் கீழே இறக்கும் மடல்) இறங்கும் அளவை 40 பாகையிலிருந்து 30 ஆகக் குறைத்தார்கள். முழு ஃபிளாப்போடு இறங்க வந்து, கடைசி நேரத்தில் முடியாது என்று மறுபடி ஏற வேண்டி வந்தால் அந்த எடையில் ஏறுமா என்ற கேள்விதான் அங்கே. உங்கள் பத்துக் கிலோ பரீட்சை எழுதுவதும் அந்த இடத்தில்தான்.

பிரித்தானிய விமானப் போக்குவரத்து அதிகாரசபை சிறு விமானிகளுக்குச் சொல்லும் ஒரு பெருக்கல் உண்டு: எடை 10 வீதம் கூடினால் கிளம்பும் தூரம் 20 வீதம் கூடும். அதோடு எங்கள் வெயிலைச் சேருங்கள். இரத்மலானை கடல் மட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் 32 பாகை வெயிலில் எஞ்சினுக்கும் இறக்கைக்கும் அது 2,000 அடி உயரத்து மெல்லிய காற்று. கைநூலில் 15 பாகைக்குப் போட்ட எண்ணைப் பார்த்துவிட்டு மத்தியானம் இரண்டு மணிக்குக் கிளம்பினால் அந்த எண் உங்களுக்கல்ல, எங்கேயோ குளிர் நாட்டில் பறக்கும் ஒருவருக்கு. விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது எடைக் கணக்கைத்தான் என்பதையும் மறக்காதீர்கள்.

கேள்வி: பறக்கப் பழகும் மாணவி நான். என் மாஸ்டர் பாரமானவர். செஸ்னா 152இல் இருவரும் ஏறினால் டாங்க்கை நிரப்ப விடமாட்டார். ஒவ்வொரு மாதமும் என்னை எடை பார்த்துச் சொல்லச் சொல்கிறார், எல்லார் முன்னாலும் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இன்னொன்று: எடை குறைந்தால் நல்லது என்றால், தனியாகப் பறக்கும்போது காற்று அடித்தால் வேகத்தை இன்னும் குறை என்கிறாரே, ஏன்?
— தி., தெஹிவளை

பதில்: உங்கள் மாஸ்டர் நல்லவர் மகள். 152இன் உச்ச எடை 757 கிலோ. பழைய 152 ஒன்று வெறுமையாக 520 கிலோவைத் தொடும். மிச்சத்தில் முழு எரிபொருள் 67 கிலோ. இருவருக்கும் பைகளுக்கும் 170 கிலோதான். எடையைத் துண்டில் எழுதிக் கையில் கொடுங்கள், சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை. சப்பாத்து, ஹெட்செற், பை எல்லாவற்றோடும் நின்று பார்த்த எடையாக இருக்கட்டும். மாஸ்டரும் தன்னுடையதை எழுதுகிறாரா என்று கேளுங்கள். பெரும்பாலான மாஸ்டர்மார் கலியாணத்துக்கு முந்திய எடையைத்தான் சொல்லுவார்கள்.

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. 172என் கைநூலில் கரடுமுரடான காற்றில் மீறக்கூடாத வேகம் முழு எடையில் 97 நொட், 1,950 இறாத்தலில் 89, 1,600இல் 80. எடை இறங்க இறங்க வேகமும் இறங்குகிறது. ஒரே காற்று பாரமான விமானத்தை மெதுவாகவும் பாரம் குறைந்ததைச் சட்டென்றும் தூக்கும். எஞ்சினின் எடை குறையவில்லையே, அதைப் பிடித்திருக்கும் தாங்கிகள் அந்தச் சட்டென்ற தூக்கலை முழுதாக வாங்கும். அதனால் முன்கூட்டியே மெதுவாகப் போ என்கிறார்கள். மற்றப்படி எடை குறைவது உங்களுக்கு இலாபம்தான். 10 வீதம் குறைந்தால் ஸ்டோல் ஆகும் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்காத வேகம், 5 வீதம் போலக் குறையும். முதல் தடவை தனியாகப் பறக்கும்போது விமானம் துள்ளிக்கொண்டு ஏறும், பயப்படாதீர்கள்.

கேள்வி: அமெரிக்கக் கைநூல் இறாத்தலிலும் கலனிலும் இருக்கிறது. நாங்கள் கிலோவிலும் லீற்றரிலும் வாழ்கிறோம். எதில் கணக்குப் பார்ப்பது நல்லது?
— பெயர் இல்லை, வத்தளை

பதில்: கைநூல் எந்த அளவிலோ அந்த அளவில். ஆட்களின் எடையை மட்டும் ஒருமுறை 2.2ஆல் பெருக்கி இறாத்தலாக்கி எழுதிவிட்டு, பிறகு முடிவு வரை இறாத்தலிலேயே நில்லுங்கள். பாதி வழியில் மாறுபவர்தான் மாட்டுவார். 1983 ஜூலையில் எயார் கனடாவின் போயிங் 767 ஒன்று வானத்தில் எரிபொருள் தீர்ந்து, கிம்லி என்ற இடத்தில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் எஞ்சின் இல்லாமலே இறங்கியது. நிரப்பும்போது லீற்றரைக் கிலோவாக்க வேண்டிய இடத்தில் இறாத்தலுக்கான எண்ணால் பெருக்கிவிட்டார்கள், தேவையானதில் பாதிகூட ஏறவில்லை. அவ்வளவு பேர் பார்த்தும் பிடிபடவில்லை. எங்களுடையது ஒருவர் மட்டும் போடும் கணக்கு, இன்னும் கவனம் வேண்டும்.

கேள்வி: எடையைக் குறைக்கப் பாராசூட்டையே விட்டுவிட்டுப் போன விமானி யார்?
— ஏழாம் வகுப்பு மாணவன், கொட்டாஞ்சேனை

பதில்: சார்ள்ஸ் லிண்ட்பேர்க். 1927 மே மாதம் நியூயோர்க்கிலிருந்து பாரிஸ் வரை தனியாக, எங்கும் நிற்காமல் 33 மணித்தியாலத்துக்கு மேல் பறந்தார். பாராசூட் இல்லை, ரேடியோ இல்லை, கதிரை பிரம்பால் பின்னியது. கிளம்பும்போது விமானத்தின் எடையில் பாதிக்கு மேல் எரிபொருள். தன் உயிரை மட்டும் பணயம் வைப்பவர் அப்படிச் செய்யலாம். மேலே கல்கிசைத் தம்பி கேட்டது நண்பர்களையும் ஏற்றிக்கொண்டு போவதற்கு, அவருக்கு இந்த வழியைச் சொல்லமாட்டேன்.

கேள்வி: 172இல் 180 குதிரைவலு எஞ்சின் போட்டால் ஏற்றும் அளவு கூடும் என்கிறார்களே. அப்படி ஏதாவது மாற்றினால் இங்கே யாரிடம் அனுமதி எடுப்பது?
— அ. ஜெ., கொள்ளுப்பிட்டி

பதில்: கூடும். 172என் மாதிரிக்கு அந்த மாற்றத்தோடு உச்ச எடை 1,157 கிலோ வரை போக அமெரிக்காவில் அங்கீகாரம் உண்டு, ஃபிளாப்பை 30 பாகையோடு நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு. காகிதத்தில் 114 கிலோ. புது எஞ்சின் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும், எரிபொருளும் அதிகம் குடிக்கும். உங்கள் எஞ்சின் எப்படியும் கழற்றிப் புதுப்பிக்க வேண்டிய காலத்துக்கு வந்திருந்தால் யோசிக்கலாம். வராவிட்டால் அந்தப் பணத்துக்கு முழு வாழ்நாளும் அவ்காஸ் (விமானப் பெற்றோல்) வாங்கலாம்.

அமெரிக்க அங்கீகாரம் இருப்பதால் மட்டும் இங்கே செல்லாது. எங்கள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். பொருளுக்குப் பணம் கட்ட முதல் அந்தக் கடிதத்தைக் கையில் வாங்குங்கள். பூட்டியபின் அனுமதிப்பத்திரம் உள்ள பொறியியலாளர் விமானத்தைத் தராசில் நிறுத்து, புது எடைத்தாளில் கையொப்பம் வைப்பார். அது விமானத்துக்குள் இருக்கும் கைநூலில் போக வேண்டும். பழைய தாளைக் குறுக்கே கோடு போட்டு, திகதி எழுதி, கோப்பில் வையுங்கள். இரண்டும் ஒரே கைநூலில் இருந்தால், அவசரத்தில் எது கையில் படுகிறதோ அதைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவார்கள்.